பாட்டியின் முழங்காலில் நின்ற குடும்பம்: ஒரு வாடகை வீட்டின் பதினெட்டு மாதங்கள்

இந்த ஆய்வு ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றியது. சிங்கப்பூரின் வட வட்டாரத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை அடுக்குமாடிப் புளோக் ஒன்றின் ஈரறை வீட்டில் வாழும் நால்வரை 2024 பிப்ரவரி முதல் 2025 ஜூலை வரை தொண்டூழியராக மாதம் இருமுறையாவது சென்று பார்த்து வந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்க வேண்டி புளோக், அலுவலகம், வேலையிடம் ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்த்துச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவித் திட்டங்கள் சிங்கப்பூரில் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு திட்டமும் ஒரு வயதினரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டிருக்கையில், எல்லா வயதினரும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வாழும் வீட்டில் அவை எப்படி வேலை செய்கின்றன என்பதே என் கேள்வி.

முதல் நாள் அந்த வீட்டில் என் முன் வைக்கப்பட்டது ஒரு பிஸ்கட் டின். அதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. பிரிக்கப்படாதவை மட்டும் பதினொன்று. மின்சார, தண்ணீர்க் கட்டண நினைவூட்டல்கள், நகர மன்றக் கடிதங்கள், தவணைக் கடைக்காரரின் எச்சரிக்கை, மருத்துவமனைக் கணக்கு, பள்ளிச் சுற்றறிக்கை என எல்லாம் கலந்து கிடந்தன. "பிரிச்சா மட்டும் என்னக்கா மாறப்போவுது?" என்று அந்தத் தாய் கேட்டார். பின்னால் சுவரில், சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையில் தீபாவளிச் சமயத்தில் கொடுத்த தினசரி நாள்காட்டி தொங்கியது. நல்ல நேரம், எமகண்டம் அச்சிட்ட தாளின் ஓரத்தில் பாட்டி நீலப் பேனாவால் சிறு வட்டங்கள் போட்டிருந்தார். எந்தத் தேதியில் யாருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது அவருக்கு அந்த வட்டங்களில் இருந்தது. கடிதங்களை யாரும் படிக்காவிட்டாலும் தேதிகளை ஒருவர் மனப்பாடமாக வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் தொடக்கத்தில் இரண்டு மாதங்களை வீணாக்கியிருக்க மாட்டேன்.

குடும்பமும் கடனும்

தாய்க்கு அப்போது 38 வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருமணமாகி வந்து, பிறகு குடியுரிமை பெற்றவர். அங்கே பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். ஆங்கிலம் பேசினால் புரியும், படிவம் என்றால் கை நடுங்கும். கணவர் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு ஆண்டுகள் ரத்தச் சுத்திகரிப்பில் இருந்து 2023 நவம்பரில் இறந்தார். மகள் உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டான உயர்நிலை ஒன்றில் சேர்ந்திருந்தாள். மகனுக்கு நான்காவது வயது நடந்துகொண்டிருந்தது. நான்காமவர் கணவரின் தாய், 71 வயது. செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். பிரிட்டிஷார் 1971ல் படைகளை விலக்கிக்கொண்டபோது தந்தைக்கு வேலை போன கதையை நேற்று நடந்ததுபோல் சொல்வார். பிற்காலத்தில் உணவங்காடி நிலையத்தில் பல ஆண்டுகள் மேசை துடைத்தவர். அந்த வேலையின் மிச்சமாக அவருக்கு இருந்தவை சம்பளத்திலிருந்து ஓய்வுக்காலத்துக்காகப் பிடிக்கப்படும் மத்திய சேம நிதியில் சிறிதளவு சேமிப்பும் தேய்ந்த இரண்டு முழங்கால்களும்.

கடன் மொத்தம் 4,010 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இதில் மின்சார, தண்ணீர் நிலுவை 1,120. நகர மன்றச் சேவை, பராமரிப்புக் கட்டண நிலுவை 410. குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரத் தவணை 980. மீதி 1,500 உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் வாங்கியது. இறுதிச் சடங்குக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வாங்கிய பணம் அது. அப்போது தாய் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பகுதி நேரமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். காரியம் முடிந்து திரும்பியபோது அந்த வேலையும் இல்லை. உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்ற வரம்பு 2015 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ளது. ஆனால் 1,500 வெள்ளிக்கு 4 விழுக்காடு என்பதே மாதம் 60 வெள்ளி. அந்த வீட்டின் வாடகையும் அப்போது ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு வாடகை கட்டியதுபோல் ஆயிற்று.

மின்சாரக் கட்டணம் தேங்கிப்போனதால் வீட்டில் முன்கட்டண மீட்டர் பொருத்தியிருந்தார்கள். பணம் போட்டால் மின்சாரம் வரும். போடும் பணத்தில் ஒரு பகுதி பழைய நிலுவைக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டைப் பலர் இரக்கமற்றது என்பார்கள். நான் பார்த்தவரையில் அந்தப் பாட்டிக்கு அது பிடித்திருந்தது. மாதக் கடைசியில் மொத்தமாக வந்து மிரட்டும் பில்லைவிட, கண்ணுக்கு எதிரே குறைந்துகொண்டே போகும் எண்ணை அவரால் ஆள முடிந்தது. எண் ஐந்து வெள்ளிக்குக் கீழே இறங்கினால் விசிறியை நிறுத்திவிட்டுக் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

கதவுகளின் வரிசை

இந்த நால்வருக்கும் கிடைக்கக்கூடிய உதவிகள் எங்கெங்கே இருந்தன என்று தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தாய்க்கும் குடும்பத்துக்கும் உடனடிப் பணம் வேண்டுமானால் சமூக சேவை அலுவலகம். 2005ல் தொடங்கிய காம்கேர் உதவியை, 2013 முதல் வட்டாரந்தோறும் திறக்கப்பட்ட இந்த அலுவலகங்கள் வழங்குகின்றன. வேலைக்குப் போனால், குறைந்த சம்பளக்காரர்களுக்கு 2007 முதல் இருக்கும் வேலைநலன் துணை வருமானம். பாட்டிக்கு, சேமிப்புக் குறைந்த முதியோருக்காக 2016ல் வந்த சில்வர் சப்போர்ட். மகளின் பாடத்துக்கு, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ஸ்டெப் துணைப்பாட வகுப்பு. மகனுக்குப் பாலர் பள்ளிக் கட்டணக் கழிவு, பிள்ளையின் செலவுகளுக்கான சேமிப்பாகிய குழந்தை மேம்பாட்டுக் கணக்கு. வாடகைக்கு வீவக. மனக்கவலைக்குக் குடும்பச் சேவை நிலையம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் அதற்கே உரிய வருமான வரம்பு, தேதி, படிவம்.

அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். பிள்ளைகள் உள்ள வாடகை வீட்டுக் குடும்பங்களைத் தேடிப் போவதற்காகக் காம்லிங்க் திட்டம் 2019ல் நான்கு வட்டாரங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021ல் நாடு முழுவதும் விரிவாக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அது காம்லிங்க்+ என்ற புது வடிவம் பெற்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்பப் பயிற்றுவிப்பாளர் என்ற ஏற்பாடு வந்தது. நான் அந்த வீட்டுக்குப் போனதும் அத்தகைய பயிற்றுவிப்பாளர் ஒருவருக்குத் துணையாகத்தான்.

சிண்டாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்தியப் பிள்ளைகளின் கல்வி பின்தங்கியிருப்பது குறித்த கவலையில் 1991ல் தோன்றிய அமைப்பு அது. வேலை பார்க்கும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேம நிதி வழியாக மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை அதற்குச் சந்தா பிடிக்கப்படுகிறது. சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து முணுமுணுப்பவர்களை நான் அறிவேன். இந்தத் தாய்க்கு 2024 ஏப்ரலில் முதல் சம்பளம் வந்தபோது அதிலும் அந்தச் சந்தா இருந்தது. "எம்மவ படிக்கிற வகுப்புக்கு நானும் குடுக்குறேனா?" என்று கேட்டுவிட்டு அந்தச் சீட்டை மடித்துச் சாமி படத்தின் பின்னால் வைத்தார். அது டின்னுக்குள் போகாத முதல் காகிதம்.

முதலில் எது

எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதில் எனக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் சிறு கருத்து வேறுபாடு இருந்தது. கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். மகனைப் பாலர் பள்ளியில் சேர்ப்பதே முதல் வேலை என்றார் அவர். அவர் சொன்னதே சரி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை வீட்டில் இருக்கும்வரை தாயால் வேலைக்குப் போக முடியாது. வேலை இல்லாமல் கடனைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு. காம்கேர் ஆறு மாதத்துக்கு உதவித்தொகையோடு வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் கைகொடுத்ததால் அந்த ஏற்பாட்டுக்கு அவகாசம் கிடைத்தது. மார்ச்சில் மகன் முழு நாள் பாலர் பள்ளியில் சேர்ந்தான். கட்டணக் கழிவு போக மாதத்துக்குச் சில வெள்ளிதான் கட்ட வேண்டியிருந்தது.

ஏப்ரலில் தாய் அலுவலகக் கட்டடம் ஒன்றில் பகுதி நேரத் துப்புரவுப் பணியில் சேர்ந்தார். வாரத்துக்கு ஆறு நாள், காலை 6 மணி முதல் 10 மணி வரை. துப்புரவுத் துறையில் படிப்படியாக உயரும் சம்பள முறை நடப்பில் இருப்பதால் 2024 ஜூலை முதல் முழுநேரப் பொதுத் துப்புரவுப் பணியாளரின் அடிப்படைச் சம்பளம் 1,740 வெள்ளியாக உயர்ந்தது. வாரத்துக்கு 24 மணி நேரம் என்று கணக்கிட்டால் அவருடைய பங்கு ஏறக்குறைய 950. மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு போக, கையில் 760.

வேலை 6 மணிக்கு. பாலர் பள்ளி திறப்பது 7 மணிக்கு. இடையிலுள்ள அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்தத் திட்டத்திலும் இடம் இல்லை. அதைப் பாட்டி நிரப்பினார். விடியற்காலையில் முதல் பேருந்தைப் பிடிக்க மருமகள் கிளம்பிய பிறகு, பேரனை எழுப்பிக் குளிப்பாட்டி, மைலோ கொடுத்து, இரண்டு புளோக் தள்ளியிருந்த பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போவார். நான் நடந்தால் ஏழு நிமிடம். ஒருநாள் அவரோடு சேர்ந்து நடந்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. கூரையிட்ட நடைபாதையின் ஒவ்வொரு தூணிலும் கை வைத்து நின்று, முழங்காலை ஒருமுறை நீவிவிட்டு, "ம், போலாம்" என்பார். பேரன் அதற்குள் அந்தத் தூணை மூன்று முறை சுற்றி வந்திருப்பான்.

அந்த நடையின் மேல் எவ்வளவு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது என்பது எனக்கு அன்று புரியவில்லை. 2024ன் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக வந்த காம்லிங்க்+ தொகுப்புகளில் ஒன்று, பாலர் பள்ளிக்குப் பிள்ளை ஒழுங்காக, அதாவது 75 விழுக்காட்டு நாள்களாவது போனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 200 வெள்ளியைக் குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் போடுகிறது. இன்னொன்று, மத்திய சேம நிதி செலுத்தப்படும் வேலையில் பெரியவர் ஒருவர் மூன்று மாதம் நிலைத்திருந்தால் ரொக்கமும் சேம நிதியுமாக 450 முதல் 550 வெள்ளி வரை தருகிறது. பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தாய் வேலையில் நிலைக்க வேண்டும், சம்பளத்தில் கடன் குறைய வேண்டும். இத்தனையும் 71 வயதுப் பெண்மணியின் தேய்ந்த முழங்காலில் நின்றன. நான் நிரப்ப உதவிய படிவங்களில் வருமானம் கேட்டார்கள், செலவு கேட்டார்கள், வங்கிக் கணக்கு கேட்டார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். பாட்டியால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று ஒரு படிவமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எண்ணூறு வெள்ளிக் கோடு

ஆகஸ்டில் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் வந்தது. வாடகை வீடுகளுக்கு வீவக குடும்ப வருமானத்தை வைத்து வாடகையை நிர்ணயிக்கிறது. முதன்முறையாக மானியம் பெறும் குடும்பத்தின் மாத வருமானம் 800 வெள்ளி அல்லது அதற்குக் குறைவு என்றால் ஈரறை வீட்டு வாடகை 44 முதல் 75 வெள்ளி வரை. 801 முதல் 1,500 வரை என்றால் 123 முதல் 165 வெள்ளி வரை. சந்தை வாடகையோடு ஒப்பிட்டால் இரண்டுமே மிகக் குறைவு. அதை மறுக்க முடியாது. ஆனால் கோட்டைத் தாண்டும் குடும்பத்துக்கு வாடகை ஒரே அடியில் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. தாயின் சம்பளம் 950 என்பதால் வாடகை 60 வெள்ளியைச் சற்றுத் தாண்டியிருந்த நிலையிலிருந்து 140 ஆயிற்று. அதே மாதம் காம்கேர் உதவிக் காலமும் முடிந்தது.

வேலையில் நிலைத்திருப்பவருக்கான காம்லிங்க்+ தொகுப்பு கைகொடுக்குமா என்று பார்த்தால், அதற்கு வேண்டிய சம்பள வரம்பை அவருடைய பகுதி நேரச் சம்பளம் எட்டவில்லை. வாடகைக் கணக்கில் அவர் போதுமான அளவு சம்பாதிக்கிறவர். ஊக்கத்தொகைக் கணக்கில் போதாதவர். இரண்டு விதிகளும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானவைதாம். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருப்பது அதில் விழுந்தவருக்குத்தான் தெரியும். "வேலைக்குப் போனதுக்கு அபராதமாக்கா?" என்ற கேள்விக்கு நான் தொழில்முறையான பதில் ஒன்றைச் சொன்னேன். அது அவருக்குப் பதிலாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

செப்டம்பர்

2024 செப்டம்பரில் ஒரு மழைக் காலையில், பேரனை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், ஈரத் தரையில் பாட்டி வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு விரிசல், முழங்கால் வீக்கம். ஐந்து நாள் மருத்துவமனை, பிறகு ஆறு வாரம் நடமாட்டத்துக்குத் தடை.

அடுத்து நடந்தவை, அடுக்கிவைத்த டோமினோ கட்டைகள் சரிவதுபோல் வரிசையாக நடந்தன. முதல் இரண்டு வாரம் மகள் தம்பியைப் பாலர் பள்ளியில் விட்டாள். பாலர் பள்ளி 7 மணிக்குத் திறக்கும். அவளுடைய பள்ளி 7.30க்குத் தொடங்கும், நடுவில் ஒரு பேருந்துப் பயணம். ஆறு நாள் தாமதமாகப் போனாள். பள்ளியிலிருந்து தாய்க்கு அழைப்பு வந்தது. அழைத்த ஆசிரியர் கனிவானவர்தான், ஆனால் காரணம் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, மகளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, "எல்லாரும் ஏற்கெனவே எங்கள பத்தி நெறைய கேட்டாச்சு" என்றாள். பதின்மூன்று வயதுப் பெண்.

தாய் மேற்பார்வையாளரிடம் 8 மணிக்கு வரலாமா என்று கேட்டார். கட்டட நிர்வாகம் கொடுத்த நேரம் அது, தன் கையில் இல்லை என்றார் அவர். மூன்று நாள் வேலைக்குப் போகாததும் பணிப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. மேற்பார்வையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரும் விடியற்காலைப் பேருந்தில் வருகிறவர்தான். ஆனால் வேலை நின்றதை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றைத் தர அந்த நிறுவனத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்தக் கடிதம் இல்லாமல் புதிதாக உதவி கேட்கும் விண்ணப்பம் முழுமையாகவில்லை. அந்த மூன்று வாரமும் நாள்காட்டியின் ஓரத்தில் வட்டங்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

முகப்பு ஒன்றில் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. தாய்க்கு ஆங்கிலம் தடுமாறியதால், கூட வந்த மகளையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வாங்கிய கடன் எவ்வளவு, யாரிடம், ஏன் அடைக்கவில்லை என்பதை அந்தப் பெண் தன் வாயால் இரண்டு மொழியில் சொல்ல நேர்ந்தது. தமிழ் பேசும் அலுவலர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஏற்பாடு ஆகியிருக்கும். சொல்ல வேண்டியவள் நான், மறந்துவிட்டேன். அன்றிலிருந்து எந்தச் சந்திப்புக்கும் பிள்ளைகளை அழைத்துப்போவதில்லை என்பதை ஒரு விதியாக வைத்துக்கொண்டோம்.

எதிர்வீடு

இந்தச் சரிவை முதலில் நிறுத்தியவர் எந்தத் திட்டத்தையும் சேராதவர். எதிர்வீட்டு மலாய் மாக்சிக் (மூத்த பெண்மணியை மலாயில் அப்படி அழைப்பார்கள்), தன் பேரனை அதே பாலர் பள்ளிக்குத் தினமும் கூட்டிப்போகிறவர். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் கதவைத் தட்டி, இவனையும் அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வாரம் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போனார். பணம் பேசப்படவில்லை. பாட்டி ஒரு கையால் மாவு கலக்கிச் சுட்ட தோசை அந்தப் பக்கம் போயிற்று. குவே எனும் மலாய்ப் பலகாரம் இந்தப் பக்கம் வந்தது. என் அறிக்கையில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் 'பிற' என்ற கட்டத்தில் எழுதினேன்.

ஏன் மூன்றாவது வாரம்வரை அவர் காத்திருந்தார் என்று பின்னர் கேட்டேன். அலுவலர்கள் வந்து போகிற வீடு, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாராம். உதவிக்கு ஆள் வருவதே அக்கம்பக்கத்தாரைத் தள்ளி நிற்க வைக்கவும் கூடும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இதற்குள் வேறு வேலைகளும் நடந்தன. வாடகையைக் குறைக்கக் கோரும் மேல்முறையீட்டை எழுதினோம். சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்பியது. காம்கேர் மூன்று மாதத்துக்கு மீண்டும் கிடைத்தது. சில்வர் சப்போர்ட்டுக்கு மட்டும் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. 55 வயதுவரையிலான மத்திய சேம நிதிச் சந்தா, வீட்டு வகை, குடும்ப வருமானம் ஆகியவற்றை அரசாங்கமே பார்த்து, தகுதி உள்ளவருக்குத் தானாகவே அனுப்புகிறது. ஓரறை, ஈரறை வீட்டில் இருப்பவருக்கு அப்போது காலாண்டுக்கு 900 வெள்ளி. 2025 முதல் 1,080. அந்த மாதங்களில் வீட்டுக்குத் தேதி தவறாமல் வந்த ஒரே பணம் அது, அதுவும் விழுந்து கிடந்த பாட்டியின் பெயரில். பாட்டி அதில் தனக்கென்று வாங்கிக்கொண்டது முழங்காலுக்கு ஓர் உறையும் ஒரு போத்தல் தைலமும்தான்.

வேலையைத் தேர்ந்தெடுத்த விதம்

இரண்டாம் முறை வேலை தேடும்போது கேள்வியே மாறியது. எவ்வளவு சம்பளம் என்பதை இரண்டாவதாக வைத்துவிட்டு, பிள்ளையைத் தானே கூட்டிப்போய்விட்டுப் போகக்கூடிய வேலை எது என்று கேட்டோம். பயிற்றுவிப்பாளர் இரண்டு மாதம் தேடினார். 2025 ஜனவரியில் வேறொரு பாலர் பள்ளியில் முழுநேரத் துப்புரவுப் பணி கிடைத்தது. காலை 8 முதல் மாலை 5 வரை, வீட்டிலிருந்து பேருந்தில் நான்கு நிறுத்தம். சம்பளம் 1,740, ஜூலையில் அடிப்படைச் சம்பளம் உயர்ந்ததும் 1,910. சேம நிதி போகக் கைக்கு வருவது 1,528.

பாட்டியை அந்தச் சங்கிலியிலிருந்து விடுவித்ததுதான் இதில் முக்கியமானது. இயன்முறைச் சிகிச்சை முடிந்ததும் அவர் பக்கத்துப் புளோக்கில் முதியோர் கூடும் துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் நாற்காலி உடற்பயிற்சிக்குப் போகத் தொடங்கினார். முதலில் மறுத்தார். "அங்க எல்லாம் சீனக் கெழவிங்கதான், நான் போய் என்ன பேசுறது?" என்றார். போன பிறகு தெரிந்தது, அவருக்குக் கடற்படைத் தளக் காலத்து மலாய் இன்னும் மறக்கவில்லை. அங்கே வரும் சீன மூதாட்டிகளில் பலருக்கும் அதே பழைய சந்தை மலாய்தான் பேச்சுமொழி. இப்போது வெள்ளிக்கிழமை தவறினால் அவர்களே வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

பார்க்கிற காசு, தொடுகிற காசு

முழுநேர வேலையில் மூன்று மாதம் முடிந்ததும் முதல் ஊக்கத்தொகை வந்தது. ஒரு பகுதி வங்கிக்கு, ஒரு பகுதி சேம நிதிக்கு. மகனின் 200 வெள்ளி குழந்தை மேம்பாட்டுக் கணக்குக்கு. மாதம் 3,000 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கான வேலைநலன் துணை வருமானத்திலும் ஊழியருக்கு 40 விழுக்காடுதான் ரொக்கம். 60 விழுக்காடு சேம நிதிக்கு. இதையெல்லாம் நான் ஒரு தாளில் விளக்கிக் காட்டியபோது பாட்டி சொன்னார்: "கண்ணால பாக்குற காசு நெறைய இருக்கு, கையால தொடுற காசுதான் இல்ல."

அதில் உண்மை இருக்கிறது. எதிர்காலத்தைக் காக்கும் நோக்கம் பிழையல்ல. 71 வயதில் அவருக்கே சேம நிதி கூடுதலாக இருந்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும். ஆனால் இந்த வீட்டை ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டது, வரும் வியாழக்கிழமைக்கு வேண்டிய நாற்பது வெள்ளி. சம்பளம் 7ஆம் தேதி, தவணை 3ஆம் தேதி என்றிருந்ததைத் தவணைக் கடையோடு பேசி 10ஆம் தேதிக்கு மாற்றினோம். பதினெட்டு மாதங்களில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இந்த ஏழு நாள் மாற்றத்தைத்தான் சொல்வேன்.

கடன் அடைப்பில் காம்லிங்க்+ தொகுப்பு நன்றாகவே வேலை செய்தது. குடும்பம் ஒரு வெள்ளி அடைத்தால் இன்னொரு வெள்ளி சேர்த்துத் தருகிறது. மொத்த உச்சவரம்பு 5,000. வட்டி ஓடிக்கொண்டிருந்த கடனை முதலில் தீர்த்தோம். மாதம் 60 வெள்ளி வட்டி நின்ற நாள், பாட்டி நாள்காட்டித் தாளைக் கிழிக்காமல் மடித்து எடுத்து வைத்தார்.

மகள்

மகளைப் பற்றி என்னால் அவ்வளவு உறுதியாக எழுத முடியவில்லை. சனிக்கிழமை ஸ்டெப் வகுப்புகளில் 2024ன் கடைசி நான்கு மாதம் அவள் பெரும்பாலும் வரவில்லை. தம்பியையும் பாட்டியையும் பார்த்துக்கொண்டாள். 2025ல் திரும்பிவிட்டாள். உயர்நிலை ஒன்றில் ஜி2 எனும் நடு நிலையில் எடுத்த கணிதத்தில் முன்னேறியிருக்கிறாள். அதைவிடக் கடினமான ஜி3க்கு மாறலாமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் கடிதங்களை இப்போது அவள்தான் முதலில் பிரிக்கிறாள். வேண்டாம், அது அம்மாவின் வேலை என்று சொல்லிப் பார்த்தேன். "அம்மா டின்னுல போட்டுருவாங்க" என்றாள்.

2025 ஜூலை

கடைசியாக நான் போனபோது கடன் 1,350 வெள்ளி மீதி இருந்தது. மகனின் வருகைப்பதிவு 90 விழுக்காட்டுக்கு மேல். முன்கட்டண மீட்டர் இன்னும் சுவரில் இருக்கிறது. நிலுவை தீர்ந்ததும் எடுத்துவிடலாம் என்று சொன்னதற்கு, இருக்கட்டும் என்றார் பாட்டி. சம்பளம் 1,500ஐத் தாண்டியிருப்பதால் அடுத்த வாடகைப் புதுப்பிப்பில் என்ன ஆகும் என்ற கணக்கை இப்போதே போட்டு, அதற்கென மாதம் 30 வெள்ளி தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். சொந்த வீடு வாங்க நினைப்பவர் சேம நிதியின் சாதாரணக் கணக்கில் தாமாக ஒரு வெள்ளி போட்டால் இரண்டு வெள்ளி சேர்த்துத் தரும் தொகுப்பும் உண்டு, உச்சவரம்பு 30,000. அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது தாய் சிரித்துவிட்டு, முதலில் இந்தத் தவணை முடியட்டும் என்றார்.

கிளம்பும்போது பாட்டி நாள்காட்டியைக் காட்டினார். ஆகஸ்டு 14ல் ஒரு வட்டம். யாருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். பணமில்லையாம், மூப்படைதல் நிலையத்திலிருந்து ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம்.